போர்ச்சுகீசியம் படிக்க எங்கே போகலாம்: கோவா, டெல்லி, போர்ச்சுகல், அல்லது வீட்டிலிருந்தே

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அக்கா ஒருவர் போன மாதம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மகள் அரசுக் கல்லூரியில் பி.காம் கடைசி ஆண்டு. "இவ போர்ச்சுகீசியம்தான் படிப்பேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா தம்பி. நீங்க அதுலதானே வேலை பாக்குறீங்க, எங்க சேர்த்தா நல்லது, எவ்ளோ செலவாகும், சொல்லுங்க" என்றார்.

அதே வாரம் திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். எப்படியாவது போர்ச்சுகலுக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கேயே ஏதாவது பல்கலைக்கழகத்தில் மொழி படிக்கச் சேரலாமா என்று கேட்டான். மூன்றாவதாக வந்தவர் பழைய வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த வரலாற்று மாணவி. பழவேற்காட்டைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. போர்ச்சுகீசியம் தெரியாமல் அதில் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம்.

மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்வி. மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல என்னால் முடியவில்லை. நான் தண்டையார்பேட்டைக்காரன். டெல்லியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேர வகுப்பில் இந்த மொழியைப் படித்தேன். சில ஆண்டுகள் பிரேசில் வாடிக்கையாளர்களுக்கான மாலை ஷிஃப்டில் இருந்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே ஆவணங்களை மொழிபெயர்க்கிறேன். அவர்களிடம் பேசியதையும், பேசும்போது விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அக்காவின் முகம் இதைக் கேட்டபோதுதான் மலர்ந்தது. அவர் விடியற்காலையில் கூவும் 'ஏலம்' என்ற சொல்லே போர்ச்சுகீசியத்தின் 'லெய்லாவ்ங்' என்பதிலிருந்து வந்தது. வீட்டு ஜன்னல், சாவி, அலமாரி, துவாலை, சட்டைப் பொத்தான், கட்டட வேலைக்கு வரும் மேஸ்திரி எல்லாமே அந்த வழியில் நமக்கு வந்த சொற்கள்தான். ஜார்ஜ் டவுனில் போர்ச்சுகீசியர் சர்ச் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. வடசென்னைக்கு இது அந்நிய மொழி என்று யாராவது சொன்னால் நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

எதை வைத்து அளப்பது

கல்லூரியின் பெயரிலிருந்து யோசிக்க ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். மொழியை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆய்வு, ஆசிரியர் வேலை, அலுவலக வேலை, குடியேற்றம் ஆகிய நான்கும் நான்கு வேறு வழிகள்.

அடுத்தது மணிக்கணக்கு. ஆங்கிலம் பேசுபவர் ஒருவர் போர்ச்சுகீசியத்தில் அலுவலக வேலை பார்க்கும் அளவுக்கு வர 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. வாரத்துக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம் வகுப்பு என்றால் 180 மணி நேரம். அந்த வேகத்தில் போனால் மூன்றரை ஆண்டாவது ஆகும். எனவே எந்த வழியைப் பார்த்தாலும் 'இதில் எனக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் மொழி கிடைக்கும்' என்று கேளுங்கள். ஓராண்டுச் சான்றிதழ் படிப்பு முடித்தால் வேலை கிடைக்கும் என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

மூன்றாவது, செலவு. கட்டணம் கண்ணுக்குத் தெரியும். வாடகை, பயணம், தேர்வு, விசா, அந்த ஆண்டுகளில் வராமல் போகும் சம்பளம் ஆகியவை தெரியாது. நான்காவது, கடைசியில் கையில் கிடைக்கும் காகிதத்தை யார் மதிப்பார்கள் என்பது. ஐந்தாவதை நம் பக்கத்து வீடுகளில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியம்: அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், பாதியில் விட்டுவிட்டு வர வேண்டிவந்தால் கையில் என்ன மிஞ்சும்?

இடத்துக்கு முன்னால்: எந்தப் போர்ச்சுகீசியம்

போர்ச்சுகல், பிரேசில், அங்கோலா, மொசாம்பிக், கினி பிசாவ், கேப் வெர்டே, கிழக்குத் திமோர் என்று பல நாடுகளில் இது ஆட்சிமொழி. பேசுபவர்களில் பெரும்பாலோர் பிரேசில்காரர்கள். அந்த நாட்டின் மக்கள்தொகை மட்டுமே 20 கோடிக்கு மேல்.

இரண்டு பக்கத்துப் பேச்சுக்கும் இடைவெளி உண்டு. போர்ச்சுகலில் உயிரெழுத்துகளைப் பாதி விழுங்கிவிடுவார்கள், பிரேசிலில் வாய் திறந்து பேசுவார்கள். காலை வணக்கத்தை போர்ச்சுகலில் 'போங் தியா' என்பார்கள், பிரேசிலின் பெரும்பகுதியில் அது 'போங் ஜியா'. ரயிலுக்கும் பேருந்துக்கும் கைப்பேசிக்கும் காலைச் சிற்றுண்டிக்கும்கூட வேறு வேறு சொற்கள். எழுத்தில் வித்தியாசம் குறைவு. 1990-இல் போட்ட எழுத்துமுறை உடன்பாட்டுக்குப் பிறகு இன்னும் குறைந்துவிட்டது. ஆப்பிரிக்க நாடுகளின் எழுத்து நடை போர்ச்சுகல் பக்கம் சாய்ந்திருக்கும்.

ஆவண ஆய்வுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்க வணிகத்துக்கும் போர்ச்சுகல் வழக்கைப் படியுங்கள். அலுவலக வேலைதான் நோக்கம் என்றால் பிரேசில் வழக்கு. முதல் ஆறு மாதத்துக்கு இரண்டையும் கலக்க வேண்டாம். நான் கலந்துவிட்டு, ஒரு சொல்லை வாயில் எடுக்கும்போதெல்லாம் தடுமாறினேன், அது சரியாவதற்கு ஓராண்டு பிடித்தது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் சில சௌகரியங்கள் இருப்பதையும் சொல்ல வேண்டும். மற்றவர்களை மிரட்டும் மூக்கொலி நமக்குப் பழக்கமானது. 'அவன் வந்தான்' என்று பேச்சில் சொல்லும்போது கடைசி 'ன்' முழுதாக ஒலிப்பதில்லை, உயிரெழுத்து மூக்கில் ஏறிக்கொள்கிறது. ரொட்டிக்கான 'பாவ்ங்' என்ற சொல்லில் வருவதும் கிட்டத்தட்ட அதுதான். 'ஞ' ஒலியும் அப்படியே அங்கே உண்டு. வினைச்சொல்லின் விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் 'நான்', 'நாம்' என்பதைத் தமிழில் விட்டுவிடுகிறோமே, போர்ச்சுகீசியத்திலும் அப்படியே விடலாம். 'ஃபாலு' என்றால் பேசுகிறேன், 'ஃபலாமுஷ்' என்றால் பேசுகிறோம். நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் பார்ப்பது. ஜன்னலும் சாவியும் பெண்பால், அலமாரி ஆண்பால். இதற்குக் காரணம் தேடாமல் மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

கோவா

இந்தியாவில் போர்ச்சுகீசியத்தையே முதன்மைப் பாடமாக எடுத்து முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்க வேண்டுமானால் கோவா பல்கலைக்கழகம்தான் முதல் இடம். தலைநகர் பஞ்சிம் (பணஜி) பக்கத்தில் தாளிகாவ் மேட்டில் இருக்கிறது. போர்ச்சுகீசியம் மற்றும் அம்மொழி பேசும் நாடுகளின் ஆய்வுகளுக்கென்றே அங்கே துறை உண்டு. போர்ச்சுகல் அரசின் கமோயிஷ் நிறுவனம் பஞ்சிமில் மொழி மையம் நடத்துகிறது. கோவாவின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இது பாடமாக இருப்பதால் ஆசிரியர்களும் நூலகமும் பேச்சுத் துணையும் ஒரே ஊரில் கிடைக்கும்.

1510 முதல் 1961 வரை, 451 ஆண்டுகள், அங்கே போர்ச்சுகல் ஆட்சி நடந்தது. அதனால் மொழி இன்னும் காகிதத்தில் உயிரோடு இருக்கிறது. பழைய நிலப் பத்திரம், பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு எல்லாம் போர்ச்சுகீசியத்தில். அவற்றை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படுகிறது. ஆவணக் காப்பகத்தில் 'பருவக்காற்று ஏடுகள்' என்ற பெரிய வரிசை இருக்கிறது. பருவக்காற்றைப் பிடித்து ஓடிய கப்பல்களில் லிஸ்பனுக்கும் கோவாவுக்கும் இடையே போய்வந்த அரசுக் கடிதங்கள் அவை. சோழமண்டலக் கரையில் போர்ச்சுகீசியர் இருந்த காலத்தைத் தேடுபவர் அந்த ஏடுகளுக்கு வராமல் இருக்க முடியாது.

வண்ணாரப்பேட்டை மாணவிக்கு நான் கோவாவைத் தயங்காமல் சொன்னேன். பழவேற்காட்டில் போர்ச்சுகீசியர் 1502-இல் கால் வைத்தார்கள். அங்கே மகிமை மாதா கோவில் 1515-இல் எழுந்தது. டச்சுக்காரர் வந்த பிறகான காலத்துக்கு ஆங்கிலத்தில் நிறையப் படிக்கலாம், அதற்கு முந்தைய நூறாண்டுக்கு மூல ஆவணத்தைத் தேடித்தான் போக வேண்டும். அது மட்டுமல்ல, தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான தம்பிரான் வணக்கத்தை 1578-இல் கொல்லத்தில் பதிப்பித்த அன்றீக்கு அடிகளார் போர்ச்சுகல் நாட்டவர். தமிழுக்கு அவர் எழுதிய இலக்கணம் போர்ச்சுகீசியத்தில்தான் இருக்கிறது. அந்தாவ்ங் தெ ப்ரொயென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி 1679-இல் அச்சானது. நம் மொழியின் பழைய பேச்சு வழக்கைத் தேடிப் போகிறவர் கையில் போர்ச்சுகீசியம் இருக்க வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன். இந்த வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து இன்னும் பல பேர் போக வேண்டும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். சென்னையிலிருந்து வாஸ்கோட காமா வரை ரயிலில் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். பொங்கல், தீபாவளிக்கு ஓடி வந்து திரும்ப முடியாது. பஞ்சிம் பக்கம் சுற்றுலாக் காலத்தில் அறை வாடகை ஏறும், எனவே விடுதி இடம் உறுதியான பிறகே சேருங்கள். முதுகலை வகுப்பில் உடன் படிப்பவர்கள் பாட்டி வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களாக இருக்கலாம். நாம் அங்கே போய் 'அ, ஆ' ஆரம்பிக்க முடியாது. அந்த ஆண்டின் சேர்க்கைக் குறிப்பேட்டில் எந்த நிலை கேட்கிறார்கள் என்று பார்த்து, அதற்கு ஒரு படி மேலே போய்விட்டுச் சேருங்கள். பழைய கையெழுத்தை வாசிப்பது தனிப் பயிற்சி. மொழி நன்றாகத் தெரிந்தவருக்கும் 16-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து முதலில் புழு நெளிந்ததுபோலத்தான் தெரியும். அதற்கும் ஓராண்டு ஒதுக்குங்கள்.

வேலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கோவா அரசு வேலைகளுக்கு 15 ஆண்டு வசிப்புச் சான்றும் கொங்கணி அறிவும் கேட்பார்கள். 'படித்து முடித்து அங்கேயே அரசுப் பள்ளி ஆசிரியராகிவிடலாம்' என்ற கணக்கு நம் பிள்ளைகளுக்கு எளிதாகச் செல்லாது. அதேபோல, கோவாக்காரர்கள் போர்ச்சுகல் குடியுரிமை வாங்குகிறார்களே என்று பார்த்து ஆசைப்பட வேண்டாம். 1961 டிசம்பர் 19-க்கு முன் அங்கே பிறந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் உள்ள உரிமை அது. மொழி படிப்பதால் அது நமக்கு வராது.

டெல்லி

ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய, போர்ச்சுகீசிய, இத்தாலிய, லத்தீன் அமெரிக்க ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே இளங்கலைப் பட்டம் ஸ்பானியத்தில்தான், போர்ச்சுகீசியம் அதன் கூடவே வரும். டெல்லி பல்கலைக்கழகத்தின் ஜெர்மானிய, ரொமான்ஸ் மொழித் துறையில் போர்ச்சுகீசியத்துக்குப் பகுதி நேரச் சான்றிதழ், பட்டய வகுப்புகள் உண்டு. இளங்கலைக்குப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

டெல்லியின் பெரிய பலன் இரண்டு மொழியோடு வெளியே வரலாம் என்பது. ஸ்பானியம் தெரிந்தவருக்குப் போர்ச்சுகீசியம் பாதி வழி வந்ததுபோல. பிரேசில், போர்ச்சுகல், அங்கோலா, மொசாம்பிக் தூதரகங்களும் அங்கேதான், பேசிப் பழக ஆள் கிடைப்பார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்குப் பகுதி நேர வகுப்பு நல்ல வழி. என் வழியும் அதுதான்.

ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் இரண்டும் கலந்த ஒரு கூட்டு மொழி வாயில் உட்கார்ந்துகொள்ளும். 'போர்ட்டுஞ்ஞோல்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பகுதி நேர வகுப்பில் கிடைக்கும் மணிக்கணக்கும் குறைவு. பட்டய வகுப்பு முடித்தபோது என்னால் செய்தி வாசிக்க முடிந்தது, தொலைபேசியில் ஒருவர் வேகமாகப் பேசினால் புரியவில்லை. மொழிக்காக மட்டுமே சென்னையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு டெல்லிக்குப் பகுதி நேர வகுப்புக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாடகையிலேயே பணம் கரைந்துவிடும்.

போர்ச்சுகல்

கோயம்ப்ரா பல்கலைக்கழகம் 1290-இல் தொடங்கியது. அங்கேயும் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் கலைப்புலத்திலும் வெளிநாட்டவருக்கென்றே ஆண்டு முழுவதும் மொழி, பண்பாட்டு வகுப்புகள் நடக்கின்றன. காலையில் வகுப்பு, வெளியே வந்தால் கடை, பேருந்து, வீட்டுக்காரம்மா எல்லாமே போர்ச்சுகீசியம். ஓராண்டில் கிடைக்கும் பழக்கம் இங்கே மூன்றாண்டில்கூட வராது. இதை நான் மறுக்கவே மாட்டேன்.

செலவுதான் மலை. 2014-இல் வந்த சட்டப்படி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பட்டப் படிப்புக்கு வருபவர்களை 'சர்வதேச மாணவர்' என்று தனியாக வகைப்படுத்தி, உள்ளூர் மாணவர் கட்டுவதைவிடப் பல மடங்கு வாங்கலாம். ஆண்டுக்குச் சில ஆயிரம் யூரோ. அதற்கு மேல் சான்றிதழ்களை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை, மொழிபெயர்ப்பு, காப்பீடு, வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய பணம், விசாவுக்கான அலைச்சல். லிஸ்பனில் ஓர் அறை கிடைப்பதே இப்போது பெரும்பாடு. கோயம்ப்ரா மாணவர் ஊர், வாடகை லிஸ்பன் அளவுக்கு இல்லை. போய் இறங்கிய பிறகு வசிப்பு அட்டைக்குக் காத்திருக்க வேண்டும். 2023 அக்டோபரில் பழைய குடியேற்ற அலுவலகத்தைக் கலைத்து 'ஐமா' என்ற புது அமைப்பை உருவாக்கியபோது லட்சக்கணக்கான கோப்புகள் தேங்கிக் கிடந்தன.

திருவொற்றியூர் தம்பிக்கு இது ஒன்றுதான் கண்ணில் இருந்தது. அவனிடம் என் தம்பி முறையுள்ள ஒருவனுக்கு நடந்ததைச் சொன்னேன். நகரத்தில் ஓர் ஏஜென்ட், 'மொழிப் படிப்பில் சேர்த்துவிடுகிறேன், போனதும் வேலை' என்று பெரிய தொகை வாங்கினார். நிதானமாகக் காகிதத்தைப் படித்துப் பார்த்தால் அது சில வார வகுப்பு, முடிவில் வருகைச் சான்று மட்டும். அதை வைத்து நீண்ட கால விசாவே கேட்க முடியாது. பணத்தில் பாதிகூடத் திரும்பி வரவில்லை, அவன் அம்மா கழுத்தில் இருந்தது போய்விட்டது. பல்கலைக்கழகத்துக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதலாம், அவர்கள் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வார்கள். சேர்க்கைக்கு ஏஜென்ட் தேவையே இல்லை.

குடியேறுவதுதான் நோக்கம் என்றால் மொழியைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. குடியுரிமைக்குக் கேட்கும் மொழி அளவு ஏ2, அதாவது ஆரம்பக் கட்டத்தின் இரண்டாம் படி. அதற்கு மேல் நடுக்கட்டத்தில் பி1, பி2 என்று இரண்டு படிகள். அதற்கு 'சிப்லே' என்ற தேர்வு இருக்கிறது. குடியேற்ற விதிகள் அடிக்கடி மாறுவதால் பழைய வீடியோக்களை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அவனுக்குக் கை கொடுக்கப்போவது அவனுடைய தொழில்தான். இங்கே பி1 வரை படித்துவிட்டு, டிப்ளமோவுக்கு மேல் அதே தொழிலில் ஒரு படி ஏறிப் போனால் அங்கே நிற்க முடியும்.

போர்ச்சுகல் யாருக்கு நல்லது? ஏற்கெனவே பி1 வந்துவிட்டவருக்கு. சுழியத்திலிருந்து அங்கே போய்ப் படித்தால், 'என் பெயர் இது, என் ஊர் சென்னை' என்று சொல்லப் பழகும் முதல் நான்கு மாதத்துக்கும் யூரோவில் வாடகை கட்ட வேண்டியிருக்கும். கமோயிஷ் நிறுவனத்தின் உதவித்தொகைகளுக்கும் கொஞ்சம் மொழியோடு விண்ணப்பிப்பவர்தான் முன்னால் நிற்பார்.

பிரேசிலைப் பற்றிச் சுருக்கமாக: அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, 1988 அரசியல் சாசனமே அப்படிச் சொல்கிறது. ஆனால் விமானக் கட்டணமும் தூரமும் பயமுறுத்தும். முதுகலைக்கோ ஆய்வுக்கோ, மொழியைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அருமையான வழி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை அனுப்பச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்.

சென்னையில் இருந்தபடியே

தியாகராயா கல்லூரியோ, பாரதி மகளிர் கல்லூரியோ, வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியோ, வீட்டுப் பக்கத்தில் ஒரு பட்டம் படித்துக்கொண்டு, போர்ச்சுகீசியத்தை ஆன்லைனில் படித்து, அதிகாரபூர்வத் தேர்வை எழுதுவது. பல்கலைக்கழகத்தில் மொழி படிப்பது என்று இதைச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் பெரும்பாலான வடசென்னைப் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

காரணம், வேலை கொடுப்பவர் கேட்பது. 'போர்ச்சுகீசியம் மட்டும் தெரியும்' என்று வருபவருக்கு இன்று மொழிபெயர்ப்பில் கூலி குறைந்துவிட்டது. இயந்திரம் முதல் வரைவைப் போட்டுவிடுகிறது, நாம் திருத்துகிறோம். 'கணக்கு தெரியும், சரக்குப் பத்திரம் தெரியும், கூடவே போர்ச்சுகீசியம்' என்பவரைத் தேடுகிறார்கள். இந்தத் தொடர்பு நம் பகுதியிலேயே இருக்கிறது. 1955-இல் திருவொற்றியூரில் ஆரம்பித்த ராயல் என்ஃபீல்டு, 2022-இல் பிரேசிலின் மனாவுஸ் நகரில் உதிரிபாகங்களைச் சேர்த்து வண்டியாக்கும் ஆலை திறந்தது. ஓசூரில் பிரேசிலின் வெக் நிறுவனத்துடைய மின் மோட்டார் ஆலை இருக்கிறது. துவரம் பருப்புக்காக இந்தியா மொசாம்பிக்கோடு 2016-இல் ஒப்பந்தம் போட்டது. முந்திரிக் கொட்டை கினி பிசாவிலிருந்து கப்பலில் வருகிறது. இந்த வணிகத்தின் காகிதங்கள் பாரிமுனை அலுவலகங்களையும் தொடுகின்றன. என்னிடம் வரும் வேலையில் பாதி அப்படிப்பட்ட பத்திரங்கள்தான்.

செலவைப் போட்டுப் பார்ப்போம். தனி ஆசிரியருக்கு மணிக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 200 மணி நேரத்துக்கு ஒரு லட்சம். மீதி மணி நேரத்தை கமோயிஷின் இணைய வகுப்பு, போர்ச்சுகல் அரசு வானொலி, பிரேசில் செய்திகள், இரண்டு பேர் சேர்ந்து பேசிப் பழகுவது என்று நிரப்பலாம். அந்த ஒரு லட்சத்தையும் மூன்று ஆண்டில் பிரித்துக் கட்டலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குக் கல்லூரிக் காலத்தில் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் மாதாமாதம் வரும், ஒரு மாதத்தில் இரண்டு வகுப்புக்கு அது ஆகும்.

தேர்வில் இரண்டு குடும்பம் உண்டு. லிஸ்பன் பல்கலைக்கழகம் நடத்துவதில் ஏ2-க்கு சிப்லே, பி1-க்கு டெப்லே, பி2-க்கு டிப்லே என்று படிப்படியாகப் போகலாம். பிரேசில் அரசின் செல்பெ-ப்ராஸ் ஒரே தேர்வு, வாங்கும் மதிப்பெண்ணை வைத்து நிலையைச் சொல்வார்கள். குறைந்த அளவைத் தொடாவிட்டால் சான்றிதழே கிடையாது. அலுவலக வேலைக்கு பி2 குறியாக இருக்கட்டும். தேர்வுக்கு வெளியூர் போக வேண்டிவரலாம், ரயில் கட்டணத்தையும் தங்கும் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இந்த வழியின் உண்மையான குறைகளையும் சொல்கிறேன். தெருவில் இந்த மொழியில் பேச ஒருவரும் இல்லை. மூன்றாம் மாதம் ஆர்வம் வடியும்போது இழுத்துப் பிடிக்க வகுப்பு நண்பர்கள் இருக்க மாட்டார்கள். இரண்டாவது, இடம். ஒற்றை அறை வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது மூக்கொலியைச் சத்தமாகச் சொல்லிப் பழகுவது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும், நான் மொட்டை மாடியில் பழகினேன். கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற இடங்கள் எழுதிப் படிக்க உதவும், ஆனால் சத்தமாகப் பேச முடியாது. மூன்றாவது, பெயருக்குப் பின்னால் 'எம்.ஏ. போர்ச்சுகீசியம்' வராது. கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்றால் இந்த வழி போதாது.

இன்னொன்று, 'ஏதாவது ஒரு வெளிநாட்டு மொழி, அதில் ஒரு வேலை' என்பது மட்டுமே எண்ணம் என்றால் போர்ச்சுகீசியத்தை விட்டுவிட்டு பிரெஞ்சையோ ஜெர்மனையோ பாருங்கள். லயோலாவில் பிரெஞ்சு இளங்கலையும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலையும் உண்டு. நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் ஃபிரான்சேஸும், ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவனும் இருக்கின்றன. வகுப்பு, தேர்வு, நண்பர்கள் எல்லாம் இங்கேயே. போர்ச்சுகீசியத்தை அது வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுப்பவர் மட்டும் மேலே படிக்கட்டும்.

ஒரே பார்வையில்

| வழி | யாருக்கு ஏற்றது | கண்ணுக்குத் தெரியாத செலவு | பாதியில் விட்டால் |
|---|---|---|---|
| கோவா | ஆய்வு, ஆசிரியர் பணி, பத்திர மொழிபெயர்ப்பு | விடுதி, தூரம், பழைய கையெழுத்துப் பயிற்சி | மொழி மிஞ்சும், பட்டம் மிஞ்சாது |
| டெல்லி | ஸ்பானியத்தோடு சேர்த்துப் படிப்பவர், அங்கேயே வேலையில் இருப்பவர் | வாடகை, குறைந்த வகுப்பு நேரம் | முடித்தவரையிலான சான்றிதழ் |
| போர்ச்சுகல் | பி1 தாண்டியவர், உதவித்தொகை கிடைத்தவர் | விசா, அறை, காத்திருப்பு | கடன் |
| பிரேசில் | முதுகலை, ஆய்வு | விமானம், தூரம் | மொழிப் பழக்கம் |
| சென்னை | கையில் ஒரு தொழில் அல்லது பட்டம் உள்ளவர் | தனிமை, இடம், தேர்வுப் பயணம் | உள்ளூர்ப் பட்டம் அப்படியே இருக்கும் |

மூன்று பேரும் என்ன முடிவு எடுத்தார்கள்

வரலாற்று மாணவி கோவாவுக்குத்தான் போகிறார், ஆனால் இந்த ஆண்டு இல்லை. இங்கே இருந்து டெப்லே அளவுக்கு வந்துவிட்டு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கிறார். அதற்கிடையில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போய்க் கல்லறைக் கல்வெட்டுகளைப் படமெடுக்கிறார்.

திருவொற்றியூர் தம்பி ஏஜென்டுக்கு முன்பணம் கட்டுவதை நிறுத்திவிட்டான். முழுதாக மனம் மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஷிஃப்ட் முடிந்து வந்து வாரத்தில் நான்கு நாள் படிக்கிறான்.

காசிமேட்டு அக்காவின் மகளுக்கு நான் சொன்னது சென்னை வழி: பி.காமை முடி, ஏற்றுமதி இறக்குமதிப் பத்திர வேலையில் சேர், கூடவே மொழியை பி2 வரை கொண்டு போ. அவளும் ஒப்புக்கொண்டாள். அக்காவுக்கு ஒரு கவலை மட்டும் தீரவில்லை. "ராத்திரி வேலைன்னு சொல்றாங்களே தம்பி, பொண்ணு எத்தனை மணிக்கு வீடு திரும்புவா?"

காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பிரேசிலின் சாவ்ங் பாவ்லோவில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 5.30. அவர்கள் 6 மணிக்கு அலுவலகம் மூடும்போது நமக்கு நள்ளிரவு தாண்டி 2.30. போர்ச்சுகல் என்றால் குளிர்காலத்தில் மதியம் 2.30-க்கு ஆரம்பித்து இரவு 11.30-க்கு முடியும், கோடையில் ஒரு மணி நேரம் முன்னதாக. மொசாம்பிக்குக்கும் நமக்கும் மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். மதியம் 12.30-க்கு ஆரம்பித்தால் இரவு 9.30-க்கு முடிந்துவிடும், தண்டையார்பேட்டைக்கு மெட்ரோவும் அப்போது ஓடும்.

அக்கா அந்தக் காகிதத்தை மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டார். "அப்போ அந்த மொசாம்பிக்கையே பாக்கலாம்" என்றார். மகள் அடுத்த திங்கட்கிழமையே போர்ச்சுகல் வழக்கில் முதல் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.